நிலாவுக்கு ரெண்டு தடவை போன மாப்பிள்ளை!

நிலாவுக்கு இரண்டு தடவை போனார் ஒரு மனிதர். இரண்டு தடவையும் இறங்கவில்லை!

“இதென்ன சார் பெருமை? மலையேறிப் போய் சாமி பார்க்காமல் திரும்பின கதையா இருக்கே!” என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அப்போலோ திட்டத்தில் நிலா வரைக்கும் போனவர்கள் மொத்தம் 24 பேர். அதில் நிலா மண்ணில் கால் வைத்தவர்கள் 12 பேர். இரண்டு தடவை போனவர்கள் மூன்றே மூன்று பேர். அந்த மூவரில் ஜான் யங், யூஜின் செர்னன் இருவரும் முதல் தடவை சுற்றிவிட்டு வந்து, இரண்டாவது தடவை ஜம்மென்று இறங்கி நடந்துவிட்டார்கள். பாக்கி ஒருவர்தான் நம்ம ஆள். பெயர் ஜிம் லவல். அமெரிக்கக் கடற்படை விமானி. 2025 ஆகஸ்ட் 7-ம் தேதி, இல்லினாய் மாநிலத்து லேக் ஃபாரஸ்ட் ஊரில், 97 வயதில் காலமானார்.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிப் பார்ப்பார்கள். எனக்கும் உண்டு. லவல் கணக்கை அப்படி எழுதிப் பார்த்தால், நிலா பக்கத்தில் பெரிய பூஜ்யம். ஆனால் இன்னொரு பக்கத்தில் ஒரு தொகை வருகிறது பாருங்கள்... அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காண்டீன் வரிசையில் ஒரு பெண்

1928 மார்ச் 25-ல் க்ளீவ்லாந்தில் பிறந்தார் லவல். ஐந்து வயதிலேயே அப்பாவைக் கார் விபத்து கொண்டுபோய்விட்டது. அம்மா ப்ளான்ஷ் ஒற்றை ஆளாக ஒரே பிள்ளையை வளர்த்தார். மில்வாக்கி நகரில் வாசம். பையனுக்கு ராக்கெட் கிறுக்கு.

பள்ளிக்கூடக் காண்டீனில் வேலை செய்துகொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற மரிலின் கெர்லாக் என்ற பெண்ணைப் பார்த்தார். இவர் அவளைவிட இரண்டு வகுப்பு மேலே. தயங்கித் தயங்கி, பள்ளி நடன விருந்துக்கு வருகிறாயா என்று கேட்டார். வந்தாள். அப்புறம் எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலே கூடவே இருந்தாள்!

லவல் வீட்டில் காசு இல்லை. காலேஜ் படிப்புக்கு வழி காட்டியது கடற்படை. இரண்டு வருஷம் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், அப்புறம் அனபோலிஸ் கடற்படை அகாடமி. மரிலின் என்ன செய்தார் தெரியுமோ? தான் படித்த ஊரை விட்டுவிட்டு, அனபோலிஸ் பக்கத்தில் இருக்கவேண்டுமென்று வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். லவல் தன் ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், திரவ எரிபொருள் ராக்கெட். 1950-களின் தொடக்கத்தில், ‘ராக்கெட்டாவது, மண்ணாங்கட்டியாவது’ என்று பலர் சிரித்த காலம். அதைப் பக்கம் பக்கமாக டைப் அடித்துக் கொடுத்தது மரிலின்.

1952 ஜூன் 6. காலையில் பட்டமளிப்பு. அதே நாளில் அனபோலிஸ் தேவாலயத்தில் கல்யாணம். பட்டம் வாங்கின கை காய்வதற்குள் மோதிரம்!

இருட்டில் ஒரு பச்சைக் கோடு

கடற்படை விமானி என்றால் என்ன கஷ்டம் என்று தரையில் இருக்கிற நமக்குப் புரியாது. விமான நிலைய ஓடுதளம் ஆடாது, அசையாது, இருக்கிற இடத்தில் இருக்கும். கப்பலின் ஓடுதளம் அப்படியில்லை. அது முன்னால் ஓடும், மேலும் கீழும் குதிக்கும். அந்தத் துக்குணூண்டு தளத்தில் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியில், விமானத்தின் வால் கொக்கி சரியாக மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் திரும்ப எழும்பிப் பறக்க வேண்டும். அதையே ராத்திரியில் செய்யச் சொன்னால்?

லவல் அதைத்தான் செய்தார். பான்ஷீ என்ற ஜெட் விமானத்தில் ராத்திரிப் பறப்பு. 1950-களில் ஒரு நாள், ஜப்பானை ஒட்டிய கடலில், ஷாங்ரி-லா என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். கப்பலில் விளக்கு எதுவும் கிடையாது, போர்க்காலப் பயிற்சி. வழி காட்டும் ரேடியோ சிக்னலைப் பிடித்துக்கொண்டு போனார். அந்தச் சிக்னல் கப்பலுடையது இல்லை. அதே அலைவரிசையில் ஜப்பான் கரையிலிருந்து வந்த வேறொரு சிக்னல். தப்பான திசையில் பறந்திருக்கிறார்!

வரைபடத்தைப் பார்க்கலாமென்று, தானே கைப்பட செய்து வைத்திருந்த குட்டி விளக்கைச் செருகினார். டப்! விமானத்துக்குள் இருந்த அத்தனை விளக்கும் அவுட். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எவ்வளவு எரிபொருள்... ஒன்றும் தெரியாது. கும்மிருட்டு.

அந்த இருட்டுதான் காப்பாற்றியது. உள்ளே வெளிச்சம் போனதால் கண் வெளியே பழகியது. கீழே கடலில் மங்கலாக ஒரு பச்சைக் கோடு. கடலில் இருக்கும் நுண்ணுயிர்கள், கலக்கினால் ஒளிரும். கப்பலின் சுழலி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போன தடம் அது! கோட்டைப் பிடித்துக்கொண்டே போனார். முனையில் கப்பல் நின்றது.

விளக்கெல்லாம் எரிந்திருந்தால் அந்தக் கோடு கண்ணில் பட்டே இருக்காது. இப்படிக் கப்பலில் 107 தடவை இறங்கியிருக்கிறார் மனிதர்.

வாசலில் யார்?

கணவன் மேலே. மனைவி கீழே.

1958-ல் லவல் பட்டூக்சென்ட் ரிவர் என்ற இடத்தில் சோதனை விமானி பயிற்சிக்குப் போனார். வகுப்பில் முதலாவது. புது விமானங்களை முதலில் ஓட்டிப் பார்த்து, கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற உத்தியோகம். கோளாறு இருந்தால், கண்டுபிடித்தவர் சில சமயம் திரும்ப வந்து சொல்லமாட்டார். அந்தக் குடியிருப்புகளில் மனைவிமார்களுக்கு ஒரே பயம்தான்: பாதிரியாரும் ஓர் அதிகாரியும் சேர்ந்து தெருவில் வருவது. யார் வீட்டு வாசலில் நிற்கப் போகிறார்கள்?

விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்த முதல் சுற்றில் லவல் தேறவில்லை. ரத்தத்தில் பிலிருபின் கொஞ்சம் கூட இருந்ததாம். 1962-ல் இரண்டாவது சுற்றில் உள்ளே வந்தார். 1965 டிசம்பரில் ஜெமினி-7. ஃப்ராங்க் போர்மனோடு 14 நாள். சின்னக் காரின் முன் சீட் அளவு இடம். குளியல் கிடையாது, எழுந்து நிற்கவும் முடியாது.

அந்தச் சமயம் மரிலின் நான்காவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். விஷயம் மேலிடத்துக்குத் தெரிந்தால் கணவருக்கு வந்த வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்று, சில மாதம் கர்ப்பத்தையே மறைத்தார். மாசமாக இருக்கிற பெண் ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுவாள். இந்த அம்மா வாயைக் கட்டி வைத்துக்கொண்டார். வாசலில் பத்திரிகைக்காரர்கள் வந்தால், விண்வெளி வீரர்களின் மனைவிகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பெருமையாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது, சிலிர்ப்பாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்ல அனுமதி இல்லை.

குடும்பத்தில் பற்று வைத்தால் வரவு வைத்தாக வேண்டும். லவல் அதில் கெட்டி.

1968 டிசம்பர் 21. அப்போலோ-8. போர்மன், லவல், பில் ஆண்டர்ஸ் மூவரும் நிலாவைச் சுற்றிய முதல் மனிதர்கள் ஆனார்கள். கட்டை விரலை ஜன்னல் கண்ணாடி முன் நீட்டினார் லவல். பூமி மொத்தமும் விரலுக்குப் பின்னால் மறைந்துவிட்டது! ஊர், உறவு, சண்டை, சமுத்திரம், மரிலின், நாலு குழந்தைகள்... எல்லாம் ஒரு கட்டை விரல் அகலம்.

கீழே நிலாவில், அமைதிக் கடல் என்று சொல்லப்படும் சமவெளியின் ஓரத்தில், முக்கோண வடிவத்தில் ஒரு மலை தெரிந்தது. பெயர் இல்லாத மலை. ‘மரிலின் மலை’ என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷம் அப்போலோ-11 இறங்கப் போனபோது அந்த மலைதான் வழியில் அடையாளம்!

கிறிஸ்துமஸ் அன்று ஹ்யூஸ்டனில் மரிலின் வீட்டு வாசலில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கார் வந்து நின்றது. பயந்த வாசல் அது. ஆனால் இறங்கினவர் கையில் பரிசுப் பெட்டி. உள்ளே மிங்க் ரோமக் கோட்டு. கூடவே ஒரு சீட்டு: ‘மரிலினுக்கு, நிலாவில் இருக்கும் மனிதனிடமிருந்து.’ கிளம்புவதற்கு முன்பே கடையில் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். பக்கத்துத் தெருவுக்குப் போனால் மல்லிகைப்பூ வாங்கி வர மறந்துவிடுகிற கணவர்கள், தயவுசெய்து இந்தப் பத்தியை மனைவி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

பதின்மூன்று

அப்போலோ-13 உண்மையில் லவல் போக வேண்டிய பயணமே இல்லை. ஆலன் ஷெப்பர்ட் குழுவுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டுமென்று சொல்லி, 14-ல் போக வேண்டிய லவலை 13-க்கு மாற்றினார்கள். மரிலினுக்கு அந்த எண்ணே பிடிக்கவில்லை. கடைசி நேரத்தில் இன்னொரு மாற்றம்: கென் மேட்டிங்லிக்கு ஜெர்மன் அம்மை தொற்றியிருக்கலாம் என்று இறக்கிவிட்டு, ஜாக் ஸ்விகர்ட்டை ஏற்றினார்கள். மூன்றாமவர் ஃப்ரெட் ஹெய்ஸ்.

1970 ஏப்ரல் 11-ல் கிளம்பினார்கள். ஸ்விகர்ட்டுக்கு வழியில் திடீரென்று ஞாபகம் வந்தது: வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யவில்லை! கெடு ஏப்ரல் 15. அவசரமாகக் கிளம்பினதில் மறந்துவிட்டார். மேலேயிருந்து கீழே கேட்டார், ஏதாவது அவகாசம் கிடைக்குமா என்று. கட்டுப்பாட்டு அறையில் ஒரே சிரிப்பு. ‘வெளிநாட்டில்’ இருப்பவர்களுக்கு 60 நாள் சலுகை உண்டு என்று பதில் வந்தது. அந்தச் சிரிப்புதான் கடைசிச் சிரிப்பு.

ஏப்ரல் 13 இரவு. பூமியிலிருந்து மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. ஓர் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தது. ஜன்னல் வழியே பார்த்தார் லவல். கலத்திலிருந்து ஏதோ வாயு வெளியே பீறிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் மூச்சு விடவேண்டிய ஆக்ஸிஜன் அது!

நிலாவில் இறங்குவது அந்த நிமிஷமே முடிந்துபோன விஷயம். இனி ஒரே கேள்வி: வீடு போய்ச் சேர முடியுமா?

தாய்க்கலம் செத்துக்கொண்டிருந்தது. மூவரும், நிலாவில் இறங்குவதற்காகக் கொண்டுபோன குட்டிக் கலத்துக்குள் நுழைந்தார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் இருப்பதற்குச் செய்தது. மூன்று பேர் நாலு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் அணைத்தார்கள். தாய்க்கலத்தில் குளிர் 3 டிகிரிக்கு இறங்கியது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லி தண்ணீர். நம் வீட்டு டம்ளரில் ஒரு டம்ளர்!

அடுத்த வில்லன், அவர்கள் விட்ட மூச்சே. கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி தாய்க்கலத்தில் நிறைய இருந்தது. ஆனால் அது சதுரம். குட்டிக் கலத்தில் இருந்த துளையோ வட்டம். கீழே இருந்த எஞ்சினியர்கள், மேலே என்னென்ன சாமான் இருக்கிறதோ அதை மட்டும் மேஜையில் கொட்டி யோசித்தார்கள். பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டும் டேப், உடையின் குழாய். ஒரு மாதிரி ஒட்டுப்போட்டுச் சதுரத்தை வட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

பாதையைச் சரிசெய்ய எஞ்சினை 14 வினாடி இயக்க வேண்டும். கம்ப்யூட்டரை எழுப்ப மின்சாரம் போதாது. லவல் ஜன்னலில் பூமியைப் பார்த்தார். அதில் பகலும் இரவும் பிரிகிற கோட்டைக் குறியாக வைத்துக்கொண்டார். லவலும் ஹெய்ஸும் ஆளுக்கொரு திசையில் கலத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்விகர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். அன்று கடலில் பச்சைக் கோடு. இன்று பூமியின் மேல் நிழல் கோடு. விளக்கு அணைந்தால் வெளியே பார் என்ற பாடம் அவருக்குப் புதிதில்லை.

டிம்பர் கோவ் வீட்டில் மரிலின். கட்டுப்பாட்டு அறையும் கலமும் பேசிக்கொள்வது கேட்கும்படி, வீட்டுக்குள் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. பார்பரா, ஜே, சூசன், நாலு வயது ஜெஃப்ரி. வெடிக்கும் சற்று முன்பு, விண்கலத்திலிருந்து லவல் நடத்திக் காட்டிய நிகழ்ச்சியை எந்த டி.வி.யும் ஒளிபரப்பவில்லை. நிலா பழசாகிவிட்டதாம்! வெடித்தபின் எல்லா டி.வி.யும் வீட்டு வாசலில்.

ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை. காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது வழக்கமாகச் சில நிமிஷம் ரேடியோ கேட்காது. அந்த நேரம் ஆயிற்று. சத்தமில்லை. இன்னும் ஒன்றரை நிமிஷம் போனது. உலகமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஸ்விகர்ட்டின் குரல். அப்புறம் பசிபிக் கடலுக்கு மேலே மூன்று பாராசூட்கள். லவலின் எடை ஆறு கிலோ குறைந்திருந்தது.

ஒரு பில் வந்தது

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. குட்டிக் கலத்தைச் செய்தது க்ரம்மன் கம்பெனி. தாய்க்கலத்தைச் செய்தது நார்த் அமெரிக்கன் ராக்வெல். ‘உங்கள் பழுதான வண்டியை நாங்கள் இழுத்து வந்தோம்’ என்று க்ரம்மன்காரர்கள் தமாஷாக ஒரு பில் அனுப்பினார்கள்.

இழுவைக் கட்டணம்: முதல் மைலுக்கு 4 டாலர், அடுத்த ஒவ்வொரு மைலுக்கும் 1 டாலர், ஆக 4,00,004 டாலர். பாட்டரி சார்ஜ் 4 டாலர் 5 சென்ட். ஆக்ஸிஜன் 500 டாலர். இருவர் அறையில் கூடுதலாக ஒரு விருந்தாளி தங்கியதற்கு, இரவுக்கு 8 டாலர் வீதம் 32 டாலர். மொத்தம் 4,00,540 டாலர் 5 சென்ட். வியாபாரத் தள்ளுபடி 20 சதவிகிதம், ரொக்கத் தள்ளுபடி 2 சதவிகிதம் போக, 3,12,421 டாலர் 24 சென்ட். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சென்ட் வரைக்கும் சரியாக இருக்கிறது!

ராக்வெல் கம்பெனி பணம் தரவில்லை. ‘இதுவரை உங்கள் கலங்களை நிலா வரை நாங்கள்தானே சுமந்துபோனோம், அதற்கு யார் கொடுத்தார்கள்?’ என்று திருப்பிக் கேட்டார்கள்.

இதைவிடத் தமாஷ் என்ன தெரியுமோ? 1973 மார்ச்சில் லவல் கடற்படையிலிருந்து கேப்டனாக ஓய்வு பெற்றார். நேராகப் போய் ஹ்யூஸ்டனில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கிற கம்பெனி!

வீட்டுக் கணக்கு

கப்பல் இழுவைக்குப் பின் டெலிபோன் கம்பெனி உத்தியோகம். 1991-ல் அதிலிருந்தும் ஓய்வு. 1994-ல் ஜெஃப்ரி க்ளூகருடன் சேர்ந்து தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 1995-ல் ரான் ஹோவர்ட் அதைப் படமாக எடுத்தார்; லவலாக டாம் ஹாங்க்ஸ். கடலிலிருந்து வீரர்களை மீட்கும் கப்பலில் ஒரு சின்ன வேஷம் லவலுக்கு. அட்மிரலாகப் போடட்டுமா என்று டைரக்டர் கேட்டாராம். ‘கேப்டனாகத்தான் ஓய்வு பெற்றேன், கேப்டனாகவே வருகிறேன்’ என்று சொல்லி, தன் பழைய சீருடையையே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். மரிலினும் கூட்டத்தில் ஒருவராக அதே படத்தில் தலைகாட்டினார்.

1999-ல் லேக் ஃபாரஸ்ட்டில் குடும்பமாக ஒரு ஓட்டல் திறந்தார்கள். சமையல் பொறுப்பு மகன் ஜே. சாப்பிட வந்தவர்கள் நிலாக்கதை கேட்டுவிட்டுப் போனார்கள். 2015-ல் மூடும் வரை நடந்தது.

விண்வெளி வீரர்களின் குடும்பங்கள் பல, பயணங்கள் முடிந்த கையோடு உடைந்து போயின. ஊர் மெச்சும், வீடு காலியாகும். அப்போலோ-8 மட்டும் விதிவிலக்கு. போர்மன், லவல், ஆண்டர்ஸ் மூவரின் திருமணமும் கடைசி வரை நின்றது.

நிலாவில் இறங்காததைப் பற்றி லவலுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வருத்தத்தோடு காப்பி குடித்து, பேரப்பிள்ளைகளோடு பேசி, தோட்டத்தைப் பார்க்க அவருக்கு 55 வருஷம் கிடைத்தது. 1970 ஏப்ரலில் அது கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

இப்போது கோட்டுக்கு வலப்பக்கம் எழுதுவோம். 1952 முதல் 2023 வரை, 71 வருஷத் தாம்பத்தியம். நாலு பிள்ளைகள். அது தவிர ஒரு மலை. அந்த மலையின் பெயரைச் சர்வதேச வானியல் சங்கம் ரொம்ப காலம் ஏற்கவில்லை. லவல் விடவில்லை. 2017 ஜூலையில் ஒருவழியாக முத்திரை குத்தினார்கள். வைத்த பெயர் பதிவாக 48 வருஷத்துக்கு மேல் ஆயிற்று! பட்டா வாங்க அலைகிற நமக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

மரிலின் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2023 ஆகஸ்ட் 27-ம் தேதி, 93 வயதில். இந்தத் தடவை காத்திருந்தது லவல். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வளர்பிறை நாளில் மொட்டை மாடிக்குப் போனால் பாருங்கள். நிலாவில் கறுப்புத் திட்டுக்களாகத் தெரிகிறதே, அதில் அமைதிக் கடலும் வளமைக் கடலும் ஒட்டினாற்போல் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மரிலின் மலை. வெறும் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கி வேண்டும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டு, இன்ன இடம் என்று கை காட்டுங்கள்.

மிங்க் கோட்டு விஷயத்தை மட்டும் சொல்லாதீர்கள்!